முடங்கிய காலை நடக்க வைக்கும் எந்திரம்!

சேத்தூருக்கு மேற்கே மலை. மலைக்கு அப்பால் கேரளம். அங்கே, திருவனந்தபுரத்தில், இளம் என்ஜினீயர்கள் ஓர் அதிசய எந்திரம் செய்திருக்கிறார்கள். பெயர் "ஜி கெய்ட்டர்". பக்கவாதத்தில் கால் விழுந்தவர்களுக்கு அது நடை பழக்குகிறது!

அவர்கள் யார் தெரியுமா? சாக்கடைக் குழிக்குள் மனிதன் இறங்காமலே சுத்தம் செய்யும் "பண்டிகூட்" எந்திரத்தை 2018-ல் கொண்டு வந்தவர்கள்!

மூளை கற்கும் பாடம்

நோயாளியை வாரால் கட்டி நிறுத்துகிறார்கள். உடல் பாரத்தை எந்திரம் தாங்குகிறது. எந்திரக் கால்கள் அவருடைய கால்களை எட்டு எட்டாக எடுத்து வைக்கின்றன.

பக்கவாதத்தில் கெடுவது கால் அல்ல, மூளை! ரத்தக் குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ மூளையில் ஒரு பகுதி செத்துவிடுகிறது. அது மீண்டும் பிழைக்காது. ஆனால், திரும்பத் திரும்ப நடந்தால், மற்றப் பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்கின்றன.

முதல் 3 மாதங்களில் பலன் அதிகம். எந்திரம் மட்டும் போதாது. பயிற்சியாளரும் வேண்டும்.

தாமதம் வேண்டாம்!

வாய் கோணுகிறதா? கை விழுகிறதா? பேச்சு குழறுகிறதா? கை வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

நேரம் போனால், நடை போகும்!