ஏடும் படியும்

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில், கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. மாண்டோர் எத்துணையர் என முதனாட்களில் வெளிவந்த தொகைகள் பெரிதும் முரண்பட்டன. பதிவேடும் பதியப்பட்ட மாந்தரும் ஒரே சரிவில் இருப்பின் இரண்டும் ஒருங்கே அழிதல் கூடும். ஆதலின் ஏட்டின் படியொன்று பிறிதோரிடத்தில் இருத்தல் வேண்டும். அது மூலத்தோடு மாறுபடாதிருத்தலும் வேண்டும்.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் இடருற்றோரைப் பதிதற்கென இலங்கையில் ஆக்கப்பட்ட 'சகானா' எனும் திறந்த மூல மென்பொருள், தொடக்கத்தில் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின்மீது இயங்கியது. அதனோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கது போஸ்ட்கிரெஸ்.

பராமரிப்பில் போஸ்ட்கிரெஸ் சற்றே தொல்லை தருவது. ஒரு பதிவைத் திருத்துங்கால் பழையது அழிவதில்லை. எழுதுவினைஞர் ஒரு வரியைக் கோடிட்டு அடுத்த வரியில் எழுதுவதுபோலப் புதியது வேறாக எழுதப்படும். கோடிட்டவற்றை அகற்றும் பணிக்கு 'வெக்யூம்' என்று பெயர். 2008ஆம் ஆண்டின் 8.3 பதிப்பு முதல் அது தானே நிகழுமாறு அமைந்துளதெனினும், பெரிய அட்டவணைகளுக்குக் கண்காணிப்பு வேண்டும். நெடுநாள் தடைப்படின் நடவடிக்கைக்குரிய இலக்கங்கள் தீரும் நிலை வந்து எழுதுதலே நின்றுவிடும். மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி பகுதியோ பழையவற்றைத் தனியிடத்தில் வைத்துத் தானே கழிக்கும்.

படியெடுப்பில் நிலைமை வேறு. மைஎஸ்கியூஎல் முன்னர்க் கட்டளை வாசகத்தையே படிக்கு அனுப்பிற்று. வரிசை சுட்டாது 'பத்துப் பதிவுகளை நீக்குக' என்றால், மூலத்தில் ஒரு பத்தும் படியில் வேறொரு பத்தும் நீங்கலாம். சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர்களை வருத்திய பாடபேதம் இங்ஙனம் கணினியிலும் தோன்றியது! மாறிய பதிவையே அனுப்பும் முறை 2008இல் வந்து, 2015இல் வெளியான 5.7 பதிப்பிலேயே இயல்பு முறையாயிற்று. போஸ்ட்கிரெஸ் 2010 முதல் பக்கங்களில் நிகழ்ந்த மாற்றங்களையே தொடர்ந்து அனுப்புவதால் அத்தகைய பேதத்துக்கு இடமரிது.

இயல்பாக இரண்டுமே படியின் ஒப்புதலுக்குக் காத்திருப்பதில்லை. மூலம் திடீரென அழியின் இறுதிப் பதிவுகள் சில தொலையும். காத்திருக்கப் பணித்தால், படி மௌனமாயின் போஸ்ட்கிரெஸ் எழுதுவோரை நிறுத்திவைக்கும். மைஎஸ்கியூஎல்லின் அரை ஒத்திசைவு முறையோ சிறிது பொறுத்துப் பின் காத்திராமலே செல்லும். மக்கட் பதிவுக்கு முன்னையதே தக்கது. பொய்யுறுதியினும் தடை மேல். ஆயின் வெக்யூமைக் கவனிக்க ஒருவரேனும் இல்லாத அலுவலகத்துக்கு மைஎஸ்கியூஎல்லே பொருந்தும்.

எதனைத் தெரியினும், படியைக் காப்பேடெனக் கொள்ளுதல் தவறு. மூலத்தில் தவறி நீக்கியது கணத்தில் படியிலும் நீங்கும். 2017ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள், கிட்லாப் நிறுவனத்தார் பின்தங்கிய போஸ்ட்கிரெஸ் படியொன்றைச் சீர்செய்கையில் மூலத்தின் தரவையே நீக்கிவிட்டனர். ஒழுங்காக எடுக்கப்படுவதாக நம்பியிருந்த காப்பேடுகள் உதவவில்லை. வேறொரு தேவைக்காக ஏறக்குறைய 6 மணி நேரத்துக்கு முன் எடுத்த நகலொன்றிலிருந்தே அவர்கள் தரவை மீட்டனர்.