சிக்கனமாய் ஒரு சிங்கப்பூர்

சிங்கப்பூரில் பர்ஸைக் காலி செய்வது சாப்பாடல்ல, ஓட்டல் அறை. பலர் சேர்ந்து படுக்கும் விடுதியில் தங்கத் தயாரென்றால் பாதிக் கவலை தீர்ந்தது. மீதிக்கு 'ஹாக்கர் சென்டர்'கள். தெருவோர வியாபாரிகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவர 1970களில் அரசு கட்டத் தொடங்கியவை. லிட்டில் இந்தியாவின் தேக்கா சென்டரில் தோசைக்கும் பிரியாணிக்கும் பக்கத்திலேயே சீன நூடுல்ஸ், மலாய்ச் சாப்பாடு. காலி மேஜையில் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் உட்காரக் கூடாது. நம்மூர் பஸ் சீட்டில் போடும் துண்டு மாதிரிதான் அது. சாப்பிட்ட தட்டை நீங்களே திருப்பி வைக்க வேண்டும் – 2021 முதல் கட்டாயம். சைனாடவுனில் 1827ல் அமைந்த மாரியம்மன் கோயிலைப் பார்க்கக் காசு வேண்டாம். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், பாட்டில் செலவு மிச்சம். அதையே மெட்ரோ ரயிலில் குடித்தால் 500 டாலர் வரை அபராதம்: மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே மடக்கில் போய்விடும்.