டீ பார்ட்டி இயக்கமும் உறுப்பினர் அடையாளமும்

டீ பார்ட்டி இயக்கம் என்பது 2009 ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தோன்றிய பழமைவாத எதிர்ப்பு இயக்கம் ஆகும். வரிக் குறைப்பு, அரசின் செலவையும் கடனையும் கட்டுப்படுத்துதல், நடுவண் அரசின் அதிகாரத்தைச் சுருக்குதல் ஆகியவை இதன் முதன்மைக் கோரிக்கைகள். இந்த இயக்கத்துக்கு ஒரே தலைமை, உறுப்பினர் அட்டை, சந்தா, பொதுவான விதிமுறை என எதுவும் இருந்ததில்லை. ஆகவே "இவர் இந்த இயக்கத்தைச் சேர்ந்தவரா?" என்ற எளிய கேள்விக்குக்கூட ஒரே விடை கிடைக்கவில்லை. கட்டுக்கோப்பான அமைப்பு இல்லாத அரசியல் இயக்கங்களில் உறுப்பினர்களை எவ்வாறு அடையாளம் காண்பது என்ற விவாதத்துக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பெயரும் தோற்றமும்

1773 டிசம்பர் 16 அன்று, பிரித்தானிய அரசின் தேயிலை வரியை எதிர்த்து பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகள் கடலில் கொட்டப்பட்டன. பாஸ்டன் தேநீர் விருந்து என வரலாற்றில் அழைக்கப்படும் இந்நிகழ்விலிருந்தே இயக்கத்தின் பெயர் வந்தது. அன்று பங்கேற்றவர்களில் பலர் பழங்குடியினரைப் போல வேடமிட்டிருந்தனர். தண்டனைக்கு அஞ்சித் தம் பெயர்களையும் மறைத்தனர். யார் யார் பங்கேற்றனர் என்ற கேள்வி அந்த முதல் நிகழ்விலேயே எழுந்துவிட்டது எனலாம்.

2009 பிப்ரவரி 19 அன்று சிகாகோ வணிகச் சந்தையிலிருந்து பேசிய தொலைக்காட்சிச் செய்தியாளர் ரிக் சான்டெல்லி, வீட்டுக் கடனாளிகளுக்கு உதவும் ஒபாமா அரசின் திட்டத்தைக் கடுமையாகச் சாடி, "சிகாகோ டீ பார்ட்டி" ஒன்றை நடத்த வேண்டும் என்றார். சில நாட்களிலேயே பல நகரங்களில் கூட்டங்கள் நடந்தன. வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்வதற்கான இறுதி நாளான ஏப்ரல் 15 அன்று நூற்றுக்கணக்கான ஊர்களில் ஆர்ப்பாட்டங்கள் நிகழ்ந்தன. டீ பார்ட்டி பேட்ரியாட்ஸ், டீ பார்ட்டி எக்ஸ்பிரஸ் முதலிய தேசிய அமைப்புகளும் எண்ணற்ற உள்ளூர்க் குழுக்களும் இப்பெயரைத் தனித்தனியே பயன்படுத்தின.

அடையாளம் காணும் முறைகள்

1. தன்னறிவிப்பு: ஒருவர் தன்னை ஆதரவாளர் என்று சொன்னால் அவரை அப்படியே ஏற்பது. கருத்துக்கணிப்புகள் இம்முறையைப் பின்பற்றுகின்றன. 2010 மார்ச் இறுதியில் கேலப் நிறுவனம் நடத்திய கணிப்பில் 28 விழுக்காட்டினர் தம்மை ஆதரவாளர் என்றனர். ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழும் சிபிஎஸ் தொலைக்காட்சியும் நடத்திய கணிப்பில் இது 18 விழுக்காடாக இருந்தது. சில வார இடைவெளியில் இத்தனை கோடிப் பேர் மனம் மாறியிருக்க வாய்ப்பில்லை. கேள்வியின் சொற்களும் கணிப்பின் முறையும் மாறும்போது எண்ணிக்கையும் மாறுகிறது.

2. பங்கேற்பு: கூட்டத்துக்குச் சென்றவரையும் நன்கொடை அளித்தவரையும் மட்டும் கணக்கில் கொள்வது. மேற்கண்ட ஏப்ரல் கணிப்பிலேயே அவ்வாறு செயல்பட்டவர்கள் மொத்த மக்களில் ஏறத்தாழ 4 விழுக்காடு மட்டுமே. ஆயினும் கூட்டத்தை எண்ணுவதிலும் சிக்கல் உண்டு. 2009 செப்டம்பர் 12 அன்று வாஷிங்டனில் நடந்த பேரணிக்குப் பல பத்தாயிரம் பேர் வந்ததாகச் செய்தி நிறுவனங்கள் கூறின. ஆதரவாளர்கள் சிலரோ பத்து லட்சத்துக்கும் மேல் என்றனர். மேலும், வேடிக்கை பார்க்க வந்தவரையும் எதிர்க்க வந்தவரையும் தலை எண்ணிக்கை பிரித்துக் காட்டாது.

3. குழுப் பட்டியல்: உள்ளூர்க் குழுக்களைத் தேடிக் கணக்கிடுவது. 2010 இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் பல மாதங்கள் செலவிட்டு இம்முயற்சியில் இறங்கியது. 1,400 க்கும் மேற்பட்ட குழுக்களின் பெயர்கள் கிடைத்தபோதிலும், உறுதிசெய்து தொடர்புகொள்ள முடிந்தவை 647 மட்டுமே. அவற்றுள் பல ஐம்பதுக்கும் குறைவான உறுப்பினர் கொண்டவை. இயக்கத்தைச் சிறப்பாகப் பிரதிநிதித்துவப்படுத்தும் தேசியத் தலைவர் யார் என்ற கேள்விக்கு, மிகுதியாகக் கிடைத்த விடை "யாரும் இல்லை" என்பதே.

4. பிறர் இடும் பெயர்: ஊடகங்களும் கட்சிகளும் அரசு அலுவலகங்களும் ஒருவரை இயக்கத்தவர் எனக் குறிப்பது. இதில் சம்பந்தப்பட்டவரின் ஒப்புதல் கேட்கப்படுவதில்லை. 2010 ஜூலையில் மிஷேல் பாக்மன் பிரதிநிதிகள் அவையில் டீ பார்ட்டி உறுப்பினர் குழுவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு மேலவையிலும் அத்தகைய குழு அமைந்தது. ஆனால் இயக்கத்தின் ஆதரவோடு புளோரிடாவில் வென்றவர் என்று பரவலாக அறியப்பட்ட மார்கோ ரூபியோ அதில் சேரவில்லை. பெயர்ப் பட்டியலை மட்டும் நம்பினால் அவர் இயக்கத்துக்கு வெளியே இருந்தவர் ஆகிறார்.

யார் யாரை விலக்க முடியும்?

2010 ஜூலையில் கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்ஏஏசிபி, டீ பார்ட்டி தன்னுள் இருக்கும் இனவெறிக் கூறுகளைக் கண்டிக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அதற்குப் பதிலடியாக டீ பார்ட்டி எக்ஸ்பிரஸைச் சேர்ந்த மார்க் வில்லியம்ஸ், கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் கேலிக் கடிதம் ஒன்றை எழுதினார். அவரை நீக்க டீ பார்ட்டி எக்ஸ்பிரஸ் மறுத்ததால், தேசிய டீ பார்ட்டி கூட்டமைப்பு அந்த அமைப்பையே வெளியேற்றியதாக அறிவித்தது. அவ்வாறு வெளியேற்றும் அதிகாரம் கூட்டமைப்புக்கு இல்லை என்று மறுதரப்பு வாதிட்டது.

இரு தரப்பு வாதங்களிலும் ஓரளவு உண்மை இருந்தது. கூட்டமைப்பு தன் உறுப்பு அமைப்பை நீக்கலாம். ஆனால் இயக்கத்திலிருந்து ஒருவரை நீக்க எவருக்கும் வழியில்லை. அதே சமயம், "அவர் எங்களைச் சேர்ந்தவர் அல்லர்" என்று சொல்லிப் பொறுப்பிலிருந்து எளிதாக விலகிக்கொள்ளவும் முடியாது. மேடையையும் பெயரையும் தந்தவர்கள் அதற்கு விடை கூற வேண்டியவர்களே. மறுபுறம், ஒருவரின் சொல்லைக் கொண்டு பல லட்சம் பேரையும் குற்றம் சாட்டுவதும் நியாயமாகாது.

போலிப் பெயர்கள்

பெயருக்கு உரிமையாளர் இல்லாதபோது அதை யாரும் எடுத்துக்கொள்ளலாம். 2010 மேலவைத் தேர்தலில் நெவாடா மாநிலத்தில் "டீ பார்ட்டி" என்ற கட்சிப் பெயரில் ஒருவர் போட்டியிட்டார். குடியரசுக் கட்சியின் வாக்குகளைப் பிரிக்க வந்த போலி என்று அவரை டீ பார்ட்டி எக்ஸ்பிரஸ் எதிர்த்தது. அதே ஆண்டு மிச்சிகனில் இப்பெயரில் ஒரு கட்சி வாக்குச்சீட்டில் இடம்பெற முயன்று தோற்றது. வேட்பாளர் ஆவணங்களில் மோசடி செய்ததாக, ஜனநாயகக் கட்சியின் மாவட்ட அளவிலான முன்னாள் நிர்வாகிகள் இருவர் மீது 2011 இல் வழக்குத் தொடரப்பட்டது. தன்னறிவிப்பை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இத்தகைய முறைகேடுகளைத் தடுக்க இயலாது.

வரித்துறை சர்ச்சை

அடையாளம் காண்பதில் அரசு செய்யும் பிழை குடிமக்களின் உரிமையையே பாதிக்கும் என்பதற்கு வரித்துறை நிகழ்வு சான்று. 2010 முதல், வரிவிலக்குத் தகுதி கேட்டு விண்ணப்பித்த அமைப்புகளில் "டீ பார்ட்டி", "பேட்ரியாட்ஸ்" முதலிய சொற்களைப் பெயரில் கொண்டவற்றை அமெரிக்க வரித்துறை தனியே பிரித்துக் கூடுதல் விசாரணைக்கு உட்படுத்தியது. 2013 மே மாதம் வெளியான கருவூலத் துறைத் தலைமை ஆய்வாளரின் அறிக்கை இது பொருத்தமற்ற அளவுகோல் என்று கூறியது. ஆய்வு செய்யப்பட்ட 298 விண்ணப்பங்களில் 72 இல் "டீ பார்ட்டி" என்ற சொல் இருந்தது. பல விண்ணப்பங்கள் நீண்ட காலம் முடிவின்றிக் கிடந்தன. அமைப்பின் அரசியல் செயல்பாட்டை ஆராய வேண்டிய இடத்தில் பெயர் பார்க்கப்பட்டதே பிழை. "ஆக்குபை" உள்ளிட்ட இடதுசாரிச் சொற்களும் இவ்வாறு பயன்படுத்தப்பட்டதாக 2017 இல் வெளியான மற்றோர் அறிக்கை தெரிவித்தது.

ஆக்குபை இயக்கத்துடன் ஒப்பீடு

2011 செப்டம்பர் 17 அன்று நியூயார்க்கின் சுக்கோட்டி பூங்காவில் தொடங்கிய ஆக்குபை வால் ஸ்ட்ரீட் இயக்கம், கொள்கையில் டீ பார்ட்டிக்கு எதிர்த்திசையில் நின்றது. உறுப்பினர் சிக்கலோ ஒன்றே. அங்கு பொதுச்சபைக்கு வந்தவர் எவரும் முடிவெடுப்பதில் பங்குகொள்ளலாம், வந்திருப்பதே உறுப்புரிமை. நவம்பரில் காவல்துறை பூங்காவிலிருந்து அவர்களை அகற்றியபின், யார் இயக்கத்தவர் என்று சொல்வதற்கான அந்த இடமும் இல்லாமற்போனது.

மதிப்பீடு

மேற்கண்ட முறைகளில் எதுவும் முழுமையானதன்று. ஒவ்வொன்றும் ஒரு தேவைக்குப் பயன்படும். மக்களிடையே உள்ள செல்வாக்கை அறியத் தன்னறிவிப்பும், களத்தில் உள்ள வலிமையை அறியப் பங்கேற்பும், நீடித்து நிற்கும் அமைப்பை அறியக் குழுப் பட்டியலும் உதவும். பிறர் இடும் பெயர், அதை இடுபவரின் நோக்கத்தையும் சேர்த்தே காட்டுகிறது. குற்றமோ தண்டனையோ சலுகையோ தீர்மானிக்கப்படும் இடத்தில் இவை நான்குமே போதா. அந்தத் தனிநபர் அல்லது அமைப்பு செய்த செயலையே பார்க்க வேண்டும். ஆகவே, ஓர் இயக்கத்தில் இத்தனை பேர் உள்ளனர் என்றோ, இன்னார் அதன் உறுப்பினர் என்றோ படிக்கும் மாணவர்கள், அது எந்த அளவுகோலால் சொல்லப்பட்டது, யார் சொன்னது என்ற இரண்டையும் முதலில் கேட்பது நல்லது.