உப்பிய குரோமோசோம்

1954-ல் ஜெர்மனியில் அடால்ஃப் பூட்டநான்டும் பீட்டர் கார்ல்சனும் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களை அரைத்துப் பிரித்தார்கள். அத்தனை பாடுபட்டும் கடைசியில் தேறியது 25 மில்லிகிராம் படிகம்தான். பூச்சியைத் தோலுரிக்க வைக்கும் எக்டைசான் என்ற ஹார்மோன் அது. நம் உடம்பின் கார்டிசால், ஈஸ்ட்ரோஜன் போல அதுவும் ஒரு ஸ்டீராய்டுதான். ஆனால் அது உறுதியாக 1965 வரை ஆயிற்று.

அதற்குள் கார்ல்சன் வேறொரு வேடிக்கை பார்த்துவிட்டார். மீன் தொட்டிக்காரர்கள் ‘பிளட் வார்ம்’ என்று வாங்கிப் போடும் சிவப்புப் புழு இருக்கிறதே, அந்த இனத்தின் உமிழ்நீர்ச் சுரப்பியில் டி.என்.ஏ. நகல்கள் ஆயிரக்கணக்கில் பிரியாமல் ஒட்டிக் கிடக்கும். அதனால் குரோமோசோம் தடித்து, சாதாரண நுண்ணோக்கியிலேயே பட்டை பட்டையாகத் தெரியும். 1960-ல் உல்ரிச் கிளெவரும் அவரும் அந்தப் புழுவுக்கு எக்டைசான் ஊசி போட்டார்கள். அரை மணி நேரத்துக்குள் குறிப்பிட்ட ஒரு பட்டை உப்பியது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. பெரும்பாலான பட்டைகள் அப்படியே கிடந்தன. உப்பிய இடத்தில் மரபணு திறந்து ஆர்.என்.ஏ. தயாராகிக்கொண்டிருந்தது. ஹார்மோன் மரபணுவையே தொடுகிறது என்பதைக் கண்ணால் காண முடிந்தது அங்கேதான் என்பேன்.

எப்படித் தொடுகிறது? ஸ்டீராய்டு கொழுப்பில் கரையும். ஆகவே செல்லின் கொழுப்புச் சவ்வைக் கடந்து உள்ளே போய்விடும். இன்சுலினால் அது முடியாது. சவ்வின் மேலுள்ள ஏற்பியோடு அது நின்றுவிடும். ஸ்டீராய்டுக்கான முக்கிய ஏற்பிப் புரதம் செல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஈஸ்ட்ரோஜனில் கதிரியக்க ஹைட்ரஜனைச் சேர்த்து எலிக்குக் கொடுத்த சிகாகோவின் எல்வுட் ஜென்சன் இதற்கு வழிகாட்டினார்: கருப்பை அதைப் பிடித்து வைத்துக்கொண்டது, தசையோ விட்டுவிட்டது. ரத்தத்தில் எல்லா உறுப்புக்கும் ஒரே ஹார்மோன்தான் போகிறது. ஏற்பி உள்ள செல்தான் அதற்குக் கட்டுப்படும்.

ஹார்மோன் வந்து பொருந்தியதும் ஏற்பியின் வடிவம் மாறுகிறது. எக்டைசானின் ஏற்பி இன்னொரு புரதத்தோடு இணை சேர்ந்து டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட எழுத்து வரிசையில் இருந்து வேலை செய்கிறது. அங்கிருந்து தூது ஆர்.என்.ஏ., அதைப் படித்து ரைபோசோம் கட்டும் புரதம். மாமிச ஈயின் புழுவில் அப்படிப் பெருகும் ஒரு என்சைமையும் கார்ல்சனின் குழு காட்டியது: டோபா டிகார்பாக்சிலேஸ். அது டோபாவை டோபமைனாக மாற்றுகிறது. அதிலிருந்து வரும் பொருள்தான் புழுவின் மெல்லிய தோலைக் கூட்டுப்புழுவின் கெட்டி ஓடாக இறுக்குகிறது.

இத்தனை படிகளும் நடக்க நேரம் பிடிக்கும். கடும் ஆஸ்துமாவோடு வருபவருக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டாலும் மருத்துவர் அதை மட்டும் நம்பி இருப்பதில்லை. அதன் முழுப் பலன் தெரியச் சில மணி நேரம் ஆகும். அதுவரை மூச்சுக்குழாயை உடனே தளர்த்த நெபுலைசரில் சால்பூட்டமால் ஓடும்.