பரிசளிப்புக்கு மறுநாள்

பள்ளிப் பிள்ளைகளுக்கான தொழில்நுட்பப் போட்டிகளுக்கு இப்போது பஞ்சமில்லை. செயலி உருவாக்கம், ரோபோ, அனிமேஷன், கம்ப்யூட்டர் விளையாட்டு வடிவமைப்பு, குறும்படம் என்று எந்தப் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் ஓர் அறிவிப்பு கிடக்கிறது. பிள்ளைகளை அனுப்பலாமா என்பதில் சந்தேகமே வேண்டாம், அனுப்பத்தான் வேண்டும். பரிசளிப்பு முடிந்த மறுநாள் அந்தப் பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. மும்பை தாராவியிலுள்ள மாட்டுங்கா லேபர் கேம்ப் மாதிரியான இடத்தில் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. வசதியான வீட்டுப் பிள்ளைக்குப் போட்டி முடிந்தாலும் மேசைமேல் மடிக்கணினி இருக்கும், சந்தேகம் தீர்க்க மாமாவோ சித்தப்பாவோ இருப்பார்கள். இங்கே போட்டிக்காக வந்த மடிக்கணினி போட்டி முடிந்ததும் வந்த பையிலேயே திரும்பிப் போய்விடுகிறது.

தாராவிக்கு இதில் ஒரு முன்கதை உண்டு. நவ்நீத் ரஞ்சன் என்ற ஆவணப்பட இயக்குநர் ‘தாராவி டைரி’ என்ற படத்தை எடுத்தார். பிறகு அதே பெயரில் 2014-இல் நயா நகர் பகுதிச் சிறுமிகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தரத் தொடங்கினார். பள்ளி வயதுப் பெண்கள் சில மாதப் பழக்கத்திலேயே செயலிகளைச் செய்தார்கள். ஒன்று, ஆபத்தில் சிக்கிய பெண் பொத்தானை அழுத்தினால் அலாரம் அடித்து, தெரிந்தவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, இருக்கும் இடத்தையும் காட்டும் ‘விமன் ஃபைட் பேக்’. இன்னொன்று குழாயடி வரிசைக்கானது. குடத்தோடு மணிக்கணக்கில் நிற்காமல் செயலியில் இடம் பிடித்துவைத்தால் முறை வரும்போது அது தகவல் சொல்லும். மூன்றாவது, பள்ளிக்குப் போக முடியாத பெண்களுக்கு இந்தியும் ஆங்கிலமும் கணக்கும் சொல்லித்தரும் ‘படாய்’. உலகப் பத்திரிகைகள் தேடி வந்து எழுதின.

அந்தச் சிறுமிகள் பயன்படுத்தியது எம்ஐடி ஆப் இன்வென்டர் என்ற இலவசக் கருவி. திரையில் வண்ணத் துண்டுகள் இருக்கும். ‘பொத்தானை அழுத்தும்போது’ என்ற துண்டின் வாய்க்குள் ‘செய்தியை அனுப்பு’ என்ற துண்டை இழுத்து வைத்தால் கச்சிதமாகப் பொருந்திக்கொள்ளும். க்யூஆர் குறியீட்டைப் போனில் படம் பிடித்தால், செய்தது அப்போதே போனில் ஓடும். ஆர்வமுள்ள ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒரு வாரத்தில் இதைப் பிடித்துக்கொள்ளும். இப்போது செயற்கை நுண்ணறிவு கேட்ட மாத்திரத்தில் நிரலே எழுதித் தருகிறது. ஆகவே நிரல் எழுதுவது இனி பெரிய வித்தையாக இருக்கப் போவதில்லை. எதைச் செய்ய வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் வித்தை. அது தாராவிப் பிள்ளைகளிடம் ஏராளமாக இருக்கிறது. தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், யார் முந்துவார், எந்தச் சண்டையில் பள்ளிக்கு நேரமாகும் என்பதெல்லாம் குடம் தூக்கிய பெண்ணுக்குத்தான் தெரியும். விடியுமுன் இட்லி அவித்து மும்பை முழுக்க அனுப்பும் தமிழ் வீடுகள் தாராவியில் இருக்கின்றன. எந்தத் தெருவில் எவ்வளவு விற்கும், எவ்வளவு மாவு மிஞ்சும் என்ற கணக்கு அந்த வீட்டுப் பிள்ளையின் நாக்கு நுனியில் இருக்கும். வெளியிலிருந்து வரும் எந்த நிபுணருக்கும் அது கிடைக்காது.

இப்படிச் சொந்த அனுபவத்திலிருந்து படைப்பதில் லேபர் கேம்ப்புக்கே ஒரு பாரம்பரியம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தை ஏறக்குறைய எட்டிப் பார்த்ததோடு சரி என்று சொல்லத்தக்க மராத்தி மக்கள் கவிஞர் அண்ணாபாவ் சாதே இங்கே வாழ்ந்தவர். கேம்ப்பின் கொசுத் தொல்லையையே அவர் பாட்டாகக் கட்டினார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். 1944-இல் தோழர்களோடு ‘லால் பாவ்டா’ கலாபதக் என்ற கலைக்குழுவைத் தொடங்கி ஆலைத் தொழிலாளர்களிடையே பாடினார். அந்தக் கலை நிலைத்ததற்கு மேடைப் பரிசு காரணமில்லை. பாட்டு யாரைப் பற்றியதோ அவர்களே கேட்டார்கள், திருப்பிப் பாடினார்கள், அடுத்த கூட்டத்துக்கும் கூப்பிட்டார்கள். ஒரு பிள்ளை செய்யும் செயலிக்கும் அனிமேஷனுக்கும் வேண்டியது இந்தத் தொடர்ச்சிதான், இன்றைய போட்டிகளில் இல்லாததும் இதுதான்.

செயலியை ஒரு முறை செய்து முடித்துவிட முடியாது என்பதைப் போட்டி மேடைகளில் யாரும் சொல்வதில்லை. ஆண்ட்ராய்டு புதுப்பிக்கப்படும்போதெல்லாம் செயலியையும் புதுப்பிக்க வேண்டும். கவனிக்காமல் விட்ட செயலி, சில ஆண்டுகளில் புதுப் போன்காரர்களுக்கு ப்ளே ஸ்டோரில் கண்ணிலேயே படாது. மோசடிச் செயலிகளைத் தடுப்பதற்காக, தானாகக் குறுஞ்செய்தி அனுப்பும் செயலிகளுக்கு 2019 முதல் கட்டுப்பாடு வந்தது. நியாயமான கட்டுப்பாடுதான். ஆனால் ஒரே அழுத்தில் செய்தி அனுப்பும் பாதுகாப்புச் செயலி செய்த சிறுமி இனி தனி விண்ணப்பம் போட்டு அனுமதி வாங்க வேண்டும். அப்படியொரு விதி வந்திருப்பதை அவளுக்கு யார் சொல்வார்கள்? பதினெட்டு வயது ஆகாமல் ப்ளே ஸ்டோரில் வெளியீட்டாளர் கணக்கே தொடங்க முடியாது. அதனால் செயலி வேறொரு பெரியவரின் கணக்கில்தான் ஏறுகிறது. அவர் ஊர் மாறினாலோ கடவுச்சொல்லை மறந்தாலோ கதை முடிந்தது. செய்தவள் ஒருத்தி, சாவி இன்னொருவர் கையில். போட்டி விதிமுறைகளில் பரிசுத் தொகையையும் கடைசித் தேதியையும் கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள், ஒரு பக்கத்தை இதற்கு ஒதுக்கினால் என்ன?

போட்டியின் வேலை ஆர்வத்தை மூட்டுவது மட்டும்தான், கற்றதே லாபம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். தாராவி என்றாலே குப்பையும் குற்றமும் என்று பேசியவர்கள் இந்தப் பிள்ளைகளால் வேறு மாதிரிப் பேசுகிறார்கள் என்றும் சொல்கிறார்கள். இரண்டும் உண்மை. ஆனால் மூட்டிய ஆர்வத்தை எங்கே வைத்து வளர்ப்பது? 2023-ஆம் ஆண்டின் ‘ஏசர்’ கல்வி ஆய்வு கிராமப்புறத்தில் 14 முதல் 18 வயதுள்ளவர்களைக் கேட்டது. ஸ்மார்ட்போன் இயக்கத் தெரிந்த பையன்களில் 43.7 விழுக்காட்டினரிடம் சொந்தப் போன் இருந்தது, பெண்களில் 19.8 விழுக்காட்டினரிடம்தான். அது கிராமத்துக் கணக்கு. ஆனால் ஒரே போனை அப்பா வேலைக்கு எடுத்துப்போகும் நகரத்து வீட்டில் நிலைமை பெரிதாக மாறிவிடாது. போட்டி முடிந்த பிறகு போன் முதலில் போவது அண்ணன் கைக்கு.

மத்திய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம் இந்த விஷயத்தில் சரியாக யோசித்திருக்கிறது. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை தருகிறார்கள். அதில் பாதி கருவிகளுக்கு, மீதி ஐந்தாண்டு வரை நடத்துவதற்கு. நடத்துவதற்கென்று பணம் ஒதுக்கியதுதான் அதில் எனக்குப் பிடித்த அம்சம். ஆனால் சமவெளிப் பகுதிப் பள்ளிக்கு 1,500 சதுர அடி இடம் வேண்டும் என்பது விதி. நூற்றைம்பது சதுர அடியில் ஒரு குடும்பமே வாழும் தாராவிக்கு அது பத்து வீடு. பல பள்ளிகள் சேர்ந்து ஒரே ஆய்வகத்தைப் பயன்படுத்த வழி செய்தால்தான் இங்கே அது நடக்கும். இடம்போல மொழியும் தடையாகக் கூடாது. மும்பை மாநகராட்சிப் பள்ளிகள் தமிழ் உட்பட எட்டு மொழிகளில் நடக்கின்றன. தமிழ்வழிப் பிள்ளையும் தன் மொழியிலேயே நடுவர் முன் பேச விடுங்கள். யோசனையை எடைபோட வந்த நடுவர் ஆங்கில உச்சரிப்புக்கு மதிப்பெண் போட வேண்டியதில்லை.

தாராவி மறுசீரமைப்பு நடந்துகொண்டிருக்கிறது. பிள்ளைகள் மாலையில் போய் உட்கார கணினியும் மின்சாரமும் உள்ள ஓர் அறை, வாரம் இரண்டு நாள் வந்து வழிகாட்ட ஓர் ஆள் என்று வட்டாரத்துக்கு ஒன்றாவது புதுக் கட்டடங்களின் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும். கட்டி முடித்த பிறகு கேட்டால் கிடைக்காது. பெற்றோரும் தலைமையாசிரியர்களும் போட்டி அறிவிப்போடு வருகிறவர்களிடம் இப்போதே கேட்க வேண்டியவை சில உண்டு. போட்டி முடிந்த பிறகு கருவி யாரிடம் இருக்கும்? பிள்ளை செய்தது யார் பெயரில் பதிவாகும்? அடுத்த ஓராண்டுக்கு அதைப் பழுதுபார்க்கக் கற்றுத்தருகிறவர் யார்? இவற்றுக்கு எழுத்தில் பதில் தருகிறவர்களுக்கு வகுப்பறைக் கதவைத் திறந்துவிடுங்கள். மற்றவர்களிடம் பதிலோடு வரச் சொல்லுங்கள்.