அவமதிப்பு வழக்கில் ஆஜராகாமை

வழக்கில் வென்ற குடிமகனுக்குத் தீர்ப்பு ஏட்டளவில் நின்றுவிட்டால் பயனில்லை. ஓய்வூதியத்தை வழங்குமாறு பிறப்பித்த ஆணை வேண்டுமென்றே மீறப்படுமாயின், அவர் நாடக்கூடியது அவமதிப்பு மனுவே. இவ்வதிகாரத்தை அரசியலமைப்பின் 129ஆவது உறுப்பு உச்ச நீதிமன்றத்துக்கும், 215ஆவது உறுப்பு உயர் நீதிமன்றங்களுக்கும் அளிக்கின்றன. 1971ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் அதனை நெறிப்படுத்துகிறது. அழைப்பு கிடைத்தும் எதிர்மனுதாரர் வராவிடில் என்ன நேரும்?

வரவழைக்கும் வழிகள்

ஆஜராகாமையினால் வழக்கு நின்றுவிடுவதில்லை. அதே வேளையில், அது ஒன்றே அவமதிப்பை மெய்ப்பித்துவிடுவதுமில்லை. ஆணை வேண்டுமென்றே மீறப்பட்டதா என்பதை நீதிமன்றம் தனியே ஆராய வேண்டும். ஆகவே, ஆளை வரவழைத்தல் வேறு, தண்டித்தல் வேறு.

உச்ச நீதிமன்றத்தின் 1975ஆம் ஆண்டு விதிகளின்படி, அறிவிப்பைப் பெறாமல் தப்புபவர்மீதும், பெற்றும் நேரில் வராதவர்மீதும் கைது ஆணை பிறப்பிக்கலாம். அது பிணையில் விடத்தக்கதாகவோ விடத்தகாததாகவோ இருக்கலாம். குற்றவியல் அவமதிப்பில், தலைமறைவாகக்கூடியவரின் சொத்தை ஜப்தி செய்யவும் சட்டத்தின் 17ஆவது பிரிவு இடமளிக்கிறது. பின்னர் அவர் வந்து, தாம் ஒளிந்திருக்கவில்லை என்று காட்டினால் ஜப்தி நீக்கப்படும்.

இரு நிகழ்ச்சிகள்

2017இல் கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த சி. எஸ். கர்ணன் உச்ச நீதிமன்றத்தில் ஆஜராகாதபோது, பிணையில் விடத்தக்க கைது ஆணை பிறந்தது. பின்னர் அவர் ஒருமுறை ஆஜரானார். இறுதியில் 6 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். பதவியின் உயர்வு விலக்களிக்கவில்லை.

தொழிலதிபர் விஜய் மல்லையா நீதிமன்ற ஆணையை மீறி 4 கோடி டாலரைத் தம் பிள்ளைகளுக்கு மாற்றியது அவமதிப்பே என்று 2017இல் முடிவாயிற்று. அவர் வெளிநாட்டிலேயே தங்கிவிட்டதால் தண்டனை தள்ளிப்போயிற்று. பன்முறை வாய்ப்பளித்தும் வராமையால், 2022 ஜூலையில் அவர் இல்லாமலேயே 4 மாதச் சிறையும் 2,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. எனினும், ஆள் கைக்கு எட்டாதவரை சிறைத்தண்டனை நிறைவேறாது என்பதையும் இவ்வழக்கு புலப்படுத்துகிறது.

அலுவலர் அறிய வேண்டுவது

அவமதிப்பு வழக்குகள் பலவற்றில் எதிர்மனுதாரர்கள் அரசு அலுவலர்களே. அவர்களை எடுத்த எடுப்பிலேயே நேரில் அழைப்பது முறையன்று என உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் வகுத்துரைத்தது. முதலில் விளக்கம் கோர வேண்டும். நேர்முகம் தேவையெனில், காணொலி வாயிலாகத் தோன்றவே முதல் வாய்ப்புத் தர வேண்டும் என்பது அந்நெறி.

இச்சலுகை மறுமொழி தருபவருக்கே பயன்படும். ஆணையை நிறைவேற்ற இயலாத காரணம் இருப்பின், அதைப் பிரமாணப் பத்திரத்தில் உரிய நாளுக்குள் தெரிவிக்கலாம். நீதிமன்றம் ஏற்கும் வண்ணம் மன்னிப்புக் கோரினால், தண்டனையைத் தள்ளுபடி செய்ய 12ஆவது பிரிவு வழிவகுக்கிறது. வராமல் இருப்பவர் இவ்வாய்ப்புகளைத் தாமே இழக்கிறார். ஆணையின் பயனுக்காகக் காத்திருக்கும் குடிமகனையும் மேலும் காக்க வைக்கிறார்.