பெயின்ட்டை அழுத்தி உரித்தால் ஓவியமா? மாக்ஸ் எர்ன்ஸ்ட் செய்தது என்ன?

ஸ்கூலில் விளையாடியிருப்பீர்கள். பேப்பரில் இங்க் சொட்டி, இரண்டாக மடித்து, அழுத்திப் பிரித்தால் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஏதோ ஒன்று வரும். கிட்டத்தட்ட அதே வேலையை 1930-களில் சர்ரியலிச ஓவியர்கள் சீரியஸாகச் செய்தார்கள். பெயர், டெகால்கோமேனியா.

வழவழப்பான தாளில் கறுப்பு வண்ணத்தைப் பூச வேண்டும். காய்வதற்குள் இன்னொரு தாளை மேலே வைத்து அழுத்தி, உரித்து எடுக்க வேண்டும். அவ்வளவுதான். உரிக்கும்போது ஈர வண்ணம் இரண்டு பக்கமும் இழுபடும், இடையில் காற்று புகும். அதனால் கிளை கிளையாக, நரம்பு நரம்பாகத் தடங்கள் விழும். பாசி, குகை, பவளப்பாறை என்று பார்ப்பவருக்கு எது தோன்றுகிறதோ அது! கேனரி தீவுகளைச் சேர்ந்த ஆஸ்கார் டொமிங்கேஸ் 1936 வாக்கில் இதை அந்தக் குழுவுக்குக் கொண்டுவந்தார்.

கையில் தூரிகை இருந்தால் மூளை திட்டம் போட ஆரம்பித்துவிடும். ஆழ்மனம் பேச வேண்டுமானால் தற்செயலுக்கு வழிவிட வேண்டும் என்பது சர்ரியலிஸ்ட்களின் கட்சி. ஜெர்மானியரான மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925-லேயே தேய்ந்த மரத்தரையின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பார்த்தவர். நாணயத்தின் மேல் பேப்பர் வைத்துத் தேய்ப்போமே, அதேதான்.

சரி, அப்படியென்றால் யார் வேண்டுமானாலும் செய்யலாமே? செய்யலாம்தான். ஆனால், எர்ன்ஸ்ட்டின் 'மழைக்குப் பிறகு ஐரோப்பா - 2' ஓவியத்தைப் பார்த்தால் அந்தக் கேள்வி கொஞ்சம் தடுமாறும்.

1939-ல் போர் தொடங்கியதும், பிரான்ஸில் வசித்த எர்ன்ஸ்ட்டைப் பகை நாட்டவர் என்று பிரெஞ்சு அரசே பிடித்து, ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றில் அடைத்தது. அந்தப் பக்கம் நாஜிகளுக்கோ அவர் 'சீரழிந்த கலை'க்காரர். 1937-ல் அவர் படைப்பையும் வைத்துக் கேலிக் கண்காட்சியே நடத்தியிருந்தார்கள். இரண்டு பக்கமும் எதிரி. 1941-ல் ஒருவழியாக நியூயார்க் தப்பினார். 1940-ல் தொடங்கிய இந்த ஓவியத்தை 1942-ல் அங்கேதான் முடித்தார்.

சுமார் ஒன்றரை மீட்டர் அகலம். டாங்க் இல்லை, குண்டு இல்லை. அழுகிய பவளப்பாறை போல இடிபாடுகள்தான். எண்ணெய் வண்ணத்தை அழுத்தி உரித்தபோது கிடைத்தவை அவை. நடுவில் பறவைத் தலையோடு ஓர் உருவம், முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண். மேலே அமைதியான நீல வானம்.

அந்த வானம் மட்டும் தற்செயல் இல்லை. தடங்களின் மேலேயே நீலத்தைத் தூரிகையால் பூசி மறைத்திருக்கிறார். நீலம் நின்ற இடத்தில்தான் இடிந்த தூண் பிறக்கிறது. எதை விடுவது, எதை மூடுவது என்ற முடிவு முழுக்க அவருடையது. என்னைக் கேட்டால், ஓவியர் வேலை செய்த இடம் அதுதான்.

ஒரிஜினல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில், வாட்ஸ்வொர்த் அதீனியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போனில் தேடிப் பார்ப்பவர்கள், வானம் இடிபாட்டைத் தொடும் விளிம்பை ஜூம் செய்து பாருங்கள்.